பத்து மணிக்கு மைக்கை அணைப்பவன்

எங்களுடையது மைக் செட் வாடகைக் கடை. வடசென்னையில் அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்துச் சரக்கு இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஓர் அஹுஜா ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், சில சரம் சீரியல் பல்பு. கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ், கட்சிக் கூட்டம் என்று பிழைப்பு ஓடியது. கடை என் கைக்கு வந்தபோது பாக்ஸும் மிக்சரும் கார்ட்லெஸ் மைக்கும் வந்துவிட்டன. வாடிக்கையாளர்களும் மாறினார்கள். இப்போது என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் தெருவிலும் பூங்காவிலும் கலை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள். கூத்து, பறை, தெரு நாடகம், குழந்தைகளுக்குக் கதை சொல்லல், குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா.

இவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று அல்ல. "அண்ணே, பர்மிஷன் எங்க வாங்கணும்?" என்பார்கள். அதனால் மனு எழுதுவதும் என் தொழிலில் சேர்ந்துகொண்டது. அப்படி அலைந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. சென்னையில் தெருக் கலையைச் சட்டம் தடுப்பது குறைவு. எந்தச் சட்டம் எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் கைவிடப்பட்ட நிகழ்ச்சிகள்தான் அதிகம்.

ஒரு தெருவில் மாலை இரண்டு மணி நேரம் பறையும் நாடகமும் வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெரு மாநகராட்சிக்குச் சொந்தம். மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம். பேருந்து போகிற சாலை என்றால் போக்குவரத்துக் காவலுக்குத் தனியாக. மின்கம்பத்தில் கொக்கி போடக் கூடாது. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர். பூங்கா என்றால் பூங்காத் துறை. 2011இல் மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின, மண்டலங்கள் 15 ஆயின. வார்டின் எல்லை ஒரு மாதிரி, காவல் நிலையத்தின் எல்லை வேறு மாதிரி. தெருவின் இந்தப் பக்கம் ஒரு நிலையம், எதிர்ப்பக்கம் இன்னொன்று என்று இருக்கிற இடங்களும் உண்டு. மேடை எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் கடிதம் எழுதினால் இரண்டு பேரும் "எங்க லிமிட் இல்லையே" என்று அனுப்பிவிடுவார்கள்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்பதும் ஒரு வித்தைதான். "கலை நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டி" என்று மொட்டையாக எழுதினால் வாங்கி ஓரமாக வைப்பார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, எந்த வீட்டுக்கும் எந்தக் கடைக்கும் நடுவில், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பாக்ஸ், அவை எந்தத் திசையைப் பார்த்து நிற்கும், யார் பொறுப்பு, அவருடைய போன் நம்பர் என்ன என்று எழுத வேண்டும். பாக்ஸின் திசையை எழுதும் பழக்கம் நான் கொண்டுவந்தது. அதைப் படிக்கிற அதிகாரிக்கு 'இவனுக்கு வேலை தெரியும்' என்ற எண்ணம் வரும். பாதிக் கேள்விகள் அங்கேயே அடங்கும். நகலில் சீல் வாங்காமல் படி இறங்கக் கூடாது. "போங்க, பண்ணிக்கங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் நிகழ்ச்சியன்று லீவில் இருப்பார்.

அப்பா காலத்தில் நாடகம் என்றால் வசனப் பிரதியையும் கொடுத்தாக வேண்டும். 1954இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அப்படி. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் ஆட்சியாளர்களைத் தூங்கவிடாமல் செய்த காலம் அது. பிற்பாடு 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பழைய பழக்கம் லேசில் போவதில்லை. "ஸ்கிரிப்ட் எங்க?" என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரு நாடகம் போடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முறைத்துக்கொள்ள வேண்டாம், தீர்ப்பு வந்த ஆண்டை மட்டும் மரியாதையாகச் சொல்லுங்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். என் பிழைப்பே அதுதான்.

மத்திய அரசு 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளை எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கு மேல் கூடாது என்ற ஒரே வரிதான் எல்லோருக்கும் தெரியும். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெருவில் 65, 55. தொழிற்பேட்டையில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதிப் பகுதி என்று அறிவித்த இடங்களில் 50, 40. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் சத்தம் 75ஐத் தாண்டக் கூடாது, அல்லது அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. குடியிருப்புத் தெரு என்றால் 65.

இரண்டு பேர் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே 60ஐ ஒட்டி வந்துவிடும். நம் தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றால், நான் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்வதற்கு முன்பே தெரு அளவைத் தாண்டி நிற்கும். விதியை எழுதியவர்கள் சென்னைத் தெருவில் ஒரு சாயங்காலமாவது நின்று பார்த்திருக்கலாம்.

ஆனாலும் எண்ணைப் புரிந்துகொண்டால் வேலை சுலபம். டெசிபல் கணக்கு கடைக் கணக்கு மாதிரி கூட்டிக்கொண்டு போவதல்ல. 3 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபல் ஏற்றப் பத்து மடங்கு. "கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று மேடையிலிருந்து கை காட்டுகிறவருக்கு இது தெரியாது. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு பக்கமும் மாடி வீடு இருக்கிற குறுகிய தெருவில் அப்படிக் குறையாது, சுவரில் அடித்து அடித்துத் தெருக்கோடி வரை போகும். ஆகவே முன்னால் பெரிய பாக்ஸ் இரண்டை அடுக்கிவைத்துக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முடுக்குவது மடத்தனம். சின்ன பாக்ஸ்களைக் கூட்டத்தின் நடுவிலேயே உயரத்தில் கட்டி, முகத்தைக் கீழே சாய்த்துவிட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் காதில் தெளிவாக விழும். மூன்றாவது வீட்டு ஜன்னலுக்குப் போகாது. சுவரைத் துளைத்துக்கொண்டு போவது பேஸ். பேச்சுக்கும் பாட்டுக்கும் அடித்தளத்து அதிர்வு தேவையில்லை. மிக்சரில் அதை வெட்டிவிட்டால் புகாரும் பெருமளவு குறைந்துவிடும். இந்த வேலையைச் செய்தால் "சத்தமே வரலியே" என்று சில அமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். நெஞ்சு அதிர்ந்தால்தான் அவர்களுக்கு விழா.

இந்த விதிகளுக்குப் பின்னால் சென்னைக்காரர்களின் கதை ஒன்று உண்டு. மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு குடியிருப்போர் சங்கம், பக்கத்து வழிபாட்டு இடத்தின் ஒலிபெருக்கி பற்றி நீதிமன்றம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அடுத்தவர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபடச் சொல்லும் மதம் எதுவுமில்லை என்று 2000இல் தீர்ப்பானது. 2005 ஜூலையில் ஒலி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகத் தீர்ப்புச் சொன்னது. மைக் செட்காரன் இதற்கெல்லாம் எதிரி என்று நினைப்பார்கள். இல்லை. கேட்க விருப்பமில்லாதவர் காதில் ஒலியைத் திணிக்க யாருக்கும் உரிமையில்லை என்பது சரியான பேச்சு. என் குறை வேறு. விதி எல்லோர் வாசலிலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மார்கழியில் விடியற்காலை நாலரைக்குக் குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கிறது. ஆறு மணிக்கு முன் கூடாது என்பதும் இதே விதிதான். அதைச் சொன்னால் ஊர்ப்பகை. தேர்தல் வந்தால் கட்சி மேடைக்கு அருகில் மீட்டரைக் கொண்டுபோகிறவர் யார்? ஆனால் பூங்காவில் பிள்ளைகள் நாலு பேர் பறையோடு நின்றால் போலீஸ் வண்டி வந்துவிடும். வந்தவர் நடத்துகிறவரைத் தேட மாட்டார். "யார்யா மைக் செட்டு?" என்றுதான் கேட்பார். பறிமுதல் செய்யச் சுலபமான பொருள் என்னிடம்தானே இருக்கிறது.

இன்னொரு விஷயம் விதிக்குள்ளேயே இருக்கிறது. அரங்கம், மாநாட்டு அறை, சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் என்று மூடிய இடங்களுக்குள் கேட்பதற்கான ஒலிக்கு இரவுத் தடை இல்லை. சபாவில் டிசம்பர் கச்சேரி நீண்டால் யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் ஆடுகிறவனுக்குத்தான் கடிகாரம். வேண்டுமென்றே இப்படி எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால், சுவர் கட்ட வசதியில்லாத கலைகளுக்கு.

முதலில் அடிபடுவது கூத்து. கூத்து ராத்திரிக்கென்றே பிறந்தது. ஊரில் சாப்பாட்டுக் கடையெல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் களரி கூடும். விடிய விடிய நடந்து வெளிச்சம் வரும்போது மங்களம். சென்னையில் பத்து மணிக்கு மங்களம் பாடியாக வேண்டும். ஆறரைக்கு ஆரம்பித்தாலும் மூன்றரை மணி நேரம்தான்.

திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், நகரத்துக்கு வரும்போது வாத்தியாரும் நானும் முதலில் உட்கார்ந்து பேசுவது நேரக் கணக்கைத்தான். 'கர்ண மோட்சம்' என்றால் ஊரில் திரைப் பிரவேசத்துக்கே அரை மணி பிடிக்கும். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, கிரீடம் மட்டும் தெரிய, புஜக்கட்டை மட்டும் தெரிய, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவார். அதைச் சுருக்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "வேஷம் கட்டவே மூணு மணி நேரம் ஆவுது தம்பி. வந்ததும் தெரியாம போனதும் தெரியாம நின்னா எப்படி?" என்றார் வாத்தியார். கர்ணன் மனைவி பொன்னுருவி போடும் சண்டையைக் குறைக்கலாமா என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "போருக்குப் போறவனை வூட்ல பொண்டாட்டி நிறுத்தி வச்சிக் கேக்கறா. அத்த வெட்டிட்டா அவன் செத்தா என்ன, பொழச்சா என்ன?" கோமாளி வேஷமான கட்டியங்காரனைக் குறைக்கலாம் என்று கடைசியில் அவரே வந்தார். அதிலும் எனக்குச் சம்மதமில்லை. சென்னைக் கூட்டத்தை உட்காரவைப்பவனே கட்டியங்காரன்தான். தண்ணி லாரி, வடிகால் பள்ளம், ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று அந்தத் தெருவின் சங்கதியை அவன் எடுத்துவிட்டால்தான் பையன்கள் போனைப் பையில் வைக்கிறார்கள். முடிவில் துரியோதனன் சபையை விட்டுவிட்டு நேராகக் கர்ணன் வீட்டிலேயே ஆரம்பித்தோம். நன்றாக வந்தது. ஆனாலும் அது முழுக் கூத்து ஆகாது. நகரத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை மூன்றரை மணி நேரத் துண்டைத்தான் கூத்து என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

கூத்துக்கு மைக் வைப்பது தனி வேலை. உடம்பில் மைக் குத்த முடியாது. வியர்வையும் கட்டையும் விடாது. ஸ்டாண்டில் வைத்தால் கிறுகிறுவென்று சுற்றி ஆடுகிறவர் தட்டிவிடுவார். களரிக்கு மேலே குறுக்கே கம்பி கட்டி இரண்டு மூன்று மைக்கைத் தொங்கவிடுவோம். கிரீடத்தில் இடிக்காத உயரம், குரல் எட்டுகிற உயரம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு சாண்தான். ஆர்மோனியத்துக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு லேசாக. முகவீணைக்கு மைக் வைக்கவே கூடாது. அது எந்தச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு போகும். பறைக்கும் தேவையில்லை. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கினபின் நாலு பறை சேர்ந்தால் என் பாக்ஸ்களுக்கு வேலை இல்லை. எங்கே தீ மூட்டுவது என்பதை மட்டும் முன்பே பேசிவிடுவேன். கேபிள் போகிற வழியிலும் வேப்பமரத்துக் கிளைக்கு அடியிலும் கூடாது.

பத்து மணி அடிக்கும்போது மைக்கை அணைத்துவிட்டு வெறும் வாயால் தொடரலாம் என்று சில அமைப்பாளர்கள் சொல்வார்கள். ஆனால் ஒலி மாசு விதிகளின் 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிக்கும் சேர்த்துத்தான் இரவுத் தடை. அதனால் ஒன்பதே முக்காலுக்கு மிருதங்கக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்துவேன். அவர் வாத்தியாருக்குக் கண் காட்டுவார். கதை எங்கே நின்றாலும் மங்களத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

விதியில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பண்பாட்டு விழா, சமய விழா நாட்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 15 நாள் வரை, இரவு 12 மணி வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு அனுமதி தரலாம். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பதினைந்தில் ஒரே ஒரு சனிக்கிழமையைக் கூத்துக்குக் கேட்டால் என்ன? விடிய விடிய இல்லாவிட்டாலும் துரியோதனன் சபையையாவது பார்த்துவிடலாம். கேட்க ஆள் இல்லை.

கடிதமெல்லாம் கையில் இருந்தாலும் தெருவில் வீடு வீடாக நடந்தாக வேண்டும் என்பது என் கட்டாயம். சங்கத் தலைவர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்பார். அது போதாது. யார் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார்கள், யாருக்கு நைட் ஷிப்ட், எந்த வீட்டில் கைக்குழந்தை, பத்தாவது பன்னிரண்டாவது பரீட்சை எழுதுகிற பிள்ளை எங்கே என்று நேரில் போனால்தான் தெரியும். மார்ச் மாதத்தில் நான் தெரு நிகழ்ச்சிக்கு ஆர்டரே எடுப்பதில்லை. ஒரு தடவை வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவரிடம் போய்ச் சொன்னேன்: "ஆயா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் இங்க கூத்து. சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

"கூத்தா? எந்த ஜமா?"

"செய்யாறு பக்கம், ஆயா."

"பாஞ்சாலி வேஷம் யார்ரா கட்றது?"

எனக்குத் தெரியவில்லை. "தெரியாமலே மைக்கு கட்ட வந்துட்டியா? எனக்கு முன்னாடி ஒரு சேர் போட்டு வையி" என்றார். எல்லா வாசலும் இப்படி இருக்காது. இரவு வேலைக்குப் போகிற ஒருவர், தான் தூங்குவதே மாலை ஏழு வரைதான் என்றார். அவருக்காக மேடையைத் தெருவின் மறுகோடிக்கு மாற்றினோம். நிகழ்ச்சி நடக்கும்போது கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார். சொல்லிவிட்டுச் செய்தால் நம் ஜனங்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் செய்கிறவனை மன்னிக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தெருவை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. போன வாரம் வரை சமமாக இருந்த இடத்தில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியிருப்பார்கள். கேபிள் டிவி ஒயர் தலைமட்டத்தில் தொங்கும். தெருவிளக்கு எரியாது. விளக்குக்கும் குப்பைக்கும் 1913 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ரிப்பன் கட்டடம் திறந்த வருஷமும் 1913தான். எண் அதனால் எளிதில் மறக்காது. புகார் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதுதான் மறந்துபோகும்.

குப்பை பற்றி ஒரு விதி உண்டு, பலருக்குத் தெரியாது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் குறைந்தது மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தும் கொடுக்க வேண்டும். இதைச் சுமையாக நினைக்க வேண்டாம். முன்கூட்டிச் சொன்னால் தூய்மைப் பணியாளர்களுக்கும் மறுநாள் காலை என்ன காத்திருக்கிறது என்று தெரியும். நானும் பிள்ளைகளும் கேபிள் சுருட்டும்போதே கையோடு பெருக்கியும் விடுகிறோம். 2019 ஜனவரி முதல் மாநிலத்தில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கொடியும் தடை. டீக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது. பேனரை நான் சேர்ப்பதே இல்லை. பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரை விட்டதற்குப் பிறகு, மூங்கில் கட்டி முகம் காட்டுகிறவர்களின் வேலையை எடுப்பதில்லை. அன்று காலை தெருமுனையில் கோலப்பொடியால் நேரத்தை எழுதி, சாயங்காலம் பறையை ஒரு சுற்று அடித்துக்கொண்டு போனால் அறிவிப்பு முடிந்தது.

இதைவிடப் பெரிய பிரச்சினை கழிப்பறை. கூத்துக்காரர்கள் மதியமே வந்துவிடுவார்கள். வேஷம் கட்ட ஓர் அறை, தண்ணீர், கண்ணாடி மாட்ட ஒரு சுவர், கழிப்பறை வேண்டும். பெண் கலைஞர்கள் இருந்தால் கண்டிப்பாக. மாநகராட்சிப் பள்ளியோ சமுதாய நலக்கூடமோ பக்கத்தில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். மேடை அலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கிற அமைப்பாளர், "அவங்க எங்கனா அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க" என்பார். இப்படிச் சொல்கிறவரிடம் முழு முன்பணம் வாங்காமல் வண்டி எடுப்பதில்லை. கலைஞருக்கும் கடைசியில்தான் கூலி கொடுப்பார், எனக்கும் அப்படித்தான்.

இந்த நகரத்தால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2007இல் 'சென்னை சங்கமம்' வந்தபோது பூங்காவிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடினார்கள்; ஒயிலும் கரகமும் தேவராட்டமும் அண்ணா நகரில் பார்க்கக் கிடைத்தது. இடையில் நின்றுபோய் 2023 பொங்கலுக்கு மறுபடி வந்தது. அரசே நடத்துவதால் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய விழாவுக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே இடத்தில். மைக் செட்காரன் புத்தி மைக்கைத்தான் பார்த்தது: கடல் காற்று மைக்கில் புஸ்ஸென்று அடிக்கும், பஞ்சு உறை இல்லாமல் கடற்கரையில் ஒன்றும் நடக்காது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக்கே இல்லாமல் பிள்ளைகள் கச்சேரி செய்கிறார்கள். முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டால் போதும் என்ற ஏற்பாடு. என் தொழிலுக்கு நஷ்டம்; ஆனால் நூறு பேருக்குள் என்றால் அதுதான் சரியான வழி என்று கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அரசு விழாவுக்கும் பெயர் பெற்றவர்கள் நடத்துவதற்கும் வழி கிடைக்கிறது. ஒரு குறுக்குத்தெருப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. 2022 முதல் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னும் மூன்றைக் கேளுங்கள். இரண்டு சின்ன பாக்ஸுக்குள் அடங்கி, ஒன்பது மணிக்குள் முடிகிற நிகழ்ச்சிக்கு வார்டு அலுவலகத்திலேயே ஒரே தாளில் அனுமதி. வார்டில் இதற்கென்று முன்பே குறித்துவைத்த ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை மாநகராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறையும் கழிப்பறையும் திறந்திருக்க ஏற்பாடு. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை காவல் நிலையத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் எழுதும் கடிதத்தின் மாதிரி என் கடையில் இருக்கிறது. வாடகைக்கு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்து ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.